கதவில் ஒரு பலகை வேண்டும்!

தோழா!

உன் ஊர் நியாயவிலைக் கடையின் கதவைப் பார்த்திருப்பாய். அதன் பக்கத்திலே ஒரு பலகை தொங்கும். கடை திறக்கும் நேரம், மூடும் நேரம், விடுமுறை நாள், அரிசி இருப்பு இத்தனை, சர்க்கரை இருப்பு இத்தனை என்று அதில் எழுதியிருக்கும். சில நாள் எழுத்து அழிந்திருக்கும். சில நாள் எழுதியது ஒன்றாகவும் இருப்பது வேறொன்றாகவும் இருக்கும். என்றாலும் பலகை தொங்குகிறது. அது தொங்குவதால்தான், பையைத் தூக்கி வந்த மூதாட்டி, "ஐந்து மணிவரை என்று போட்டிருக்கிறதே, நாலு மணிக்கே ஏனப்பா பூட்டினாய்?" என்று கேட்க முடிகிறது. மரத்துண்டுதான் அது, ஆனால் ஏழைக்கு அதுவே சட்டப்புத்தகம்!

இன்று உன்னிடம் பேச வந்திருப்பது, அப்படியொரு பலகை இல்லாத கதவைப் பற்றி. அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது அரிசி மூட்டை அல்ல. அகன்று நீண்டு கிடக்கும் ஓடுபாதை. படைத்துறைக்குச் சொந்தமான விமானத்தளத்திலே பொதுமக்களின் விமானம் எப்போது இறங்கலாம், யார் கேட்டால் இறங்கலாம், கேட்டால் எத்தனை நாளில் விடை வரும் என்கின்ற விதிகளைப் பற்றியே இந்த ஞாயிறு பேசப் போகிறேன்.

"சேலம் நாமக்கல் சீமையிலே படைத்துறை விமானத்தளமே கிடையாதே! இல்லாத ஊருக்கு வழி கேட்கிறாயே!" என்று நீ சிரிப்பது தெரிகிறது. சிரி, தோழா, சிரித்துவிட்டுக் கேள்.

*

ஓமலூரை அடுத்த காமலாபுரத்தை நீ அறிவாய். தொலைவிலே சேர்வராயன் மலை நீலமாய் நிற்க, கீழே சோளக்கொல்லையும் மேட்டாங்காடுமாய்க் கிடக்கும் பூமி. அங்கேதான் 1993இல் நமது விமான நிலையம் திறக்கப்பட்டது. ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 1,800 மீட்டர். எழுபது பேர் அமரும் சிறு விமானத்துக்கு அது போதும். பெரிய ஜெட் விமானத்துக்குப் போதாது.

அந்த நிலையத்தின் வரலாறு, கூட்டம் சேராத நாடகக் கொட்டகையின் வரலாறு போன்றது. 1993இல் திரை ஏறியது, விரைவிலேயே இறங்கியது. 2009இல் மீண்டும் ஏறியது, 2011இல் இறங்கியது. 2018 மார்ச் 25இல் மூன்றாம் முறை ஏறி, 2021இல் இறங்கியது. 2023 அக்டோபரில் மறுபடியும் ஏறியது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக மேடை நாடகத்தோடு வாழ்கிறவன் நான். மணி அடிப்பதும் திரை ஏறுவதும் மட்டும் நாடகம் ஆகிவிடாது என்பது எனக்குத் தெரியும்.

ஓடுபாதையை நீட்டினால் பெரிய விமானம் வரும் என்றார்கள். நீட்டுவதற்கு ஏறத்தாழ 570 ஏக்கர் வேண்டும் என்றார்கள். 2018இல் காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டிச் சிற்றூர்களின் உழவர்கள் கொதித்தெழுந்தது உனக்கு நினைவிருக்கும். விமானத்தை வெறுத்தவர்கள் அல்லர் அவர்கள். "எங்கள் தலைக்கு மேலே பறக்கட்டும், தடுக்கவில்லை, எங்கள் காலுக்குக் கீழே உள்ள மண்ணை ஏன் உருவுகிறீர்கள்?" என்பதே அவர்கள் கேள்வியின் சாரம்.

அந்தக் கேள்வியின் ஓரத்திலே இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. இதே கொங்குச் சமவெளியிலே, சேலத்திலிருந்து கொச்சி செல்லும் நெடுஞ்சாலைக்கு அருகே, சூலூரில் நீண்டதோர் ஓடுபாதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது போடப்பட்ட களம் அது. பின்னர் நமது விமானப்படையின் தளமாயிற்று. பக்கத்திலே பீளமேட்டில் கோவையின் பயணியர் நிலையம். 1980களின் நடுவிலே பீளமேட்டு ஓடுபாதையை நீட்டுவதற்காக அந்த நிலையத்தை மூடியபோது, கோவைக்கு வந்த பயணியர் விமானங்கள் எங்கே இறங்கின, தெரியுமா? சூலூரிலே! படைத்துறையின் ஓடுபாதையிலே! 1987இல் பீளமேடு மீண்டும் திறக்கும்வரை அந்த ஏற்பாடு நடந்தது. வானம் இடிந்து விழவில்லை. நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு நேரவில்லை. வேண்டும் என்றபோது கதவு திறந்தது. வேலை முடிந்ததும் மூடிக்கொண்டது.

சூலூர் இருக்கிறதே, காமலாபுரம் எதற்கு என்று நான் சொல்ல வரவில்லை. சேலத்துக்குச் சேலத்தின் நிலையம் வேண்டும். ஆனால் புதிதாக ஓர் ஏக்கரை உழவனிடமிருந்து எடுக்கும் முன்னர், மக்கள் பணத்தில் ஏற்கெனவே போட்ட ஓடுபாதைகள் எத்தனை, அவற்றின் கதவு யாருக்கு எப்போது திறக்கும் என்று கேட்கிற உரிமை உழவனுக்கு உண்டு. அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பலகைதான் எங்கும் இல்லை.

*

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கல்லூரிப் படிக்கட்டில் பாதியிலே இறங்கியவன்தான் நான். என்றாலும் கட்சிப் படிப்பகத்தின் பெஞ்சிலே முழுப்பாடம் படித்தவன். உனக்குப் புரியாத ஒன்றை எழுதி உன்னை மிரட்ட மாட்டேன்.

மேட்டூர் அணை திறக்கப்பட்ட அதே 1934இல்தான், வெள்ளையர் ஆட்சி விமானச் சட்டத்தை இயற்றியது. 1937இல் அதன் கீழ் விதிகள் வந்தன. படைகளுக்குச் சொந்தமான விமானங்களை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று அதிலேயே எழுதி வைத்தார்கள். 1944 டிசம்பர் 7இல் சிகாகோ நகரில் பல நாடுகள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையும் அதே கோட்டைத்தான் கிழித்தது: பயணியர் விமானம் ஒரு சாதி, படை, சுங்கம், காவல் ஆகியவற்றின் விமானம் வேறு சாதி, உடன்படிக்கை முதல் சாதிக்கு மட்டுமே. ஒன்பது பத்தாண்டுகள் கழித்து, 2024இல் பழைய சட்டத்தை நீக்கிப் புதிய சட்டம் இயற்றினார்கள். 2025 ஜனவரி 1 முதல் அது நடப்புக்கு வந்தது. 'பாரதிய வாயுயான் அதினியம்' என்று அதற்குப் பெயர். பெயரை மாற்றுவதில் காட்டிய வேகத்தைப் பொருளை மாற்றுவதில் காட்டினார்களா என்பதை நீயே எண்ணிப் பார். சேலத்துப் பயணி அந்தப் பெயரை உச்சரித்து முடிப்பதற்குள் விமானம் சென்னை சேர்ந்துவிடும்!

படைத்துறைத் தளத்திலே பொதுமக்களுக்கு இடம் உண்டா? உண்டு. 1994ஆம் ஆண்டின் விமான நிலைய ஆணையச் சட்டம் அதற்கு 'சிவில் என்கிளேவ்' என்று பெயரிட்டது. குடிமக்கள் வளாகம் என்று நாம் சொல்லலாம். படைக்குச் சொந்தமான தளத்திலே பயணிகளுக்கும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளுக்கும் என ஒதுக்கப்பட்ட பகுதி அது. புனே, ஸ்ரீநகர், சண்டிகர், பாக்டோக்ரா, விசாகப்பட்டினம், கோவாவின் டாபோலிம் என்று பல ஊர்களின் பயணியர் நிலையங்கள் இப்படிப் பிறந்தவையே.

அந்தக் குடும்பம் எப்படி நடக்கிறது என்று கேள். கட்டடம் ஆணையத்துடையது, ஓடுபாதை படையுடையது. பயணச்சீட்டைச் சரிபார்ப்பவர் இவர்; வானத்துக்கு அனுமதி தருபவர் அவர். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலே அமர்ந்திருப்பவர் படைவீரர். எந்த நேரம் பயணியருக்கு, எந்த நேரம் பயிற்சிக்கு என்பதை முடிவு செய்பவரும் அவரே. வாடகைக்குக் குடியிருப்பவனின் நிலைதான். திண்ணை நம்முடையது, தெருக்கதவின் சாவி வீட்டுக்காரரிடம்!

விமானிகளுக்கென அச்சிடும் ஏடுகளிலே நேரக் குறிப்பு இருக்கலாம். நான் கேட்பது அதையல்ல. ஓர் ஊர், ஒரு மாவட்டம், ஒரு மாநில அரசு, "எங்களுக்கு இந்த ஓடுபாதை வேண்டும்" என்று கேட்டால், படைத்துறை இத்தனை நாளுக்குள் விடை சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்று 1994ஆம் ஆண்டுச் சட்டத்திலே ஒரு வரி உண்டா? இல்லை. வளாகத்துக்கு இலக்கணம் வகுத்த சட்டம், வீட்டுக்காரருக்குக் கடமை வகுக்க மறந்துவிட்டது.

*

2015 டிசம்பரை மறந்திருக்க மாட்டாய். டிசம்பர் முதல் நாள் இரவு சென்னை மிதந்தது. அடையாறு பொங்கிற்று, மீனம்பாக்கத்து ஓடுபாதை ஏரியாயிற்று, விமானங்கள் தண்ணீரிலே நின்றன. நாமக்கல்லிலே நாம் அரிசியும் ரொட்டியும் போர்வையும் திரட்டி லாரிகளில் ஏற்றினோம். அவற்றுள் ஒன்றிலே ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சென்றவன் நான்.

இராணிப்பேட்டையைத் தாண்டியிருந்தோம். தாழப் பறந்து இறங்குகிறது ஒரு பயணியர் விமானம். ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினார்.

"ஏனுங்க, ஏர்போர்ட்டுத்தான் மூடிட்டாங்களே, இந்தக் காட்டுக்குள்ள எங்கீங்க எறங்குது?" என்றார்.

"அரக்கோணத்தில் கடற்படையின் தளம் இருக்கிறது. அங்கே இறக்குகிறார்கள்" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப இத்தன வருசமா அந்தக் கதவு அங்கதான் இருந்துச்சுங்களா?"

ஆம், தோழா, அங்கேதான் இருந்தது! உலகப் போர்க்காலத்து விமானக்களம். 1992 மார்ச்சில் 'ஐ.என்.எஸ். ராஜாளி' என்ற பெயரோடு கடற்படைத் தளமாயிற்று. ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீள ஓடுபாதை. நமது காமலாபுரத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். சென்னையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். 2015 டிசம்பர் 4இல் அங்கிருந்து பயணியர் விமானம் புறப்பட்டது. சிக்கித் தவித்தவர்களைப் பேருந்திலே அரக்கோணம் கொண்டு சென்று வானிலே ஏற்றினார்கள். டிசம்பர் 6 வாக்கில் சென்னை நிலையம் மெல்லக் கண்விழிக்கும்வரை, தலைநகரத்தின் மூச்சுக்குழாய்களில் ஒன்றாக அந்தத் தளம் இருந்தது.

கடற்படை வீரர்களை அன்றும் வாழ்த்தினோம்; இன்றும் வாழ்த்துகிறோம். மழையிலே நனைந்து மக்களைக் காத்த கரங்கள் அவை. ஆனால் வாழ்த்தி முடித்த பிறகு ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. டிசம்பர் முதல் நாள் இரவு கதவு அடைந்தது. நான்காம் நாள் மறு கதவு திறந்தது. நடுவிலே போன நாட்கள் யாருடையவை? வெள்ளம் வந்தால் இந்தத் தளம், புயல் வந்தால் அந்தத் தளம், இத்தனை மணி நேரத்தில் திறக்க வேண்டும், பேருந்து இவர் தரவேண்டும், சோதனை இவர் செய்யவேண்டும் என்று முன்பே எழுதி, ஆண்டுக்கொரு முறை ஒத்திகை பார்த்திருந்தால், அந்த நாட்கள் மணிகளாய்ச் சுருங்கியிருக்குமே!

ஒத்திகையில்லாத நாடகத்தை எத்தனை பெரிய நடிகனாலும் முதல் மணியிலே தூக்கி நிறுத்த முடியாது. வெள்ளம் நமக்காக மூன்றாம் மணி வரை காத்திராது.

*

எதிர்த்தரப்பின் வாதத்தையும் முழுமையாகக் கேட்க வேண்டும். கேட்காமல் ஏசுவது நமது பழக்கமன்று. ஒரு சிறு காட்சியாகவே எழுதிப் பார்க்கிறேன். இடம்: ஓர் அலுவலகம். பாத்திரங்கள்: அதிகாரி ஒருவர், குடிமகன் ஒருவன்.

அதிகாரி: படைத்தளம் என்பது சந்தைத் திடலா? போர் விமானம் நிற்கும் இடத்திலே போகிறவர் வருகிறவரையெல்லாம் விட முடியுமா?

குடிமகன்: விட வேண்டாம், ஐயா. யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று எழுதி வையுங்கள் என்கிறேன்.

அதிகாரி: எங்கள் விமானிகள் பயிற்சி பெற வேண்டாமா? நடுவிலே பயணியர் விமானம் குறுக்கிட்டால்?

குடிமகன்: பயிற்சி நேரம் உங்களுடையது. மிச்ச நேரம் எது என்று சொல்லுங்கள் என்கிறேன்.

அதிகாரி: ஆபத்துக் காலத்தில் நாங்கள் திறக்கவில்லையா?

குடிமகன்: திறந்தீர்கள், கை தொழுகிறேன். அது உங்கள் பெருந்தன்மை. நான் கேட்பது என் உரிமை.

காட்சி முடிந்தது. அதிகாரியை முட்டாளாக்கி எழுத எனக்குத் தெரியும், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அவர் சொன்னதிலே உண்மை இருக்கிறது. தேஜஸ் போர் விமானப் படையணிகள் நிலைகொண்ட தளம் சூலூர். தஞ்சையிலே 2020 ஜனவரி 20இல் சுகோய் போர் விமான அணி ஒன்று நிலைகொண்டது. இவை விளையாட்டுப் பொருள்கள் அல்ல. படைத்தளங்களிலே படம் எடுக்கத் தடை இருப்பதும் நியாயமே. 2025 மே மாதத்தில், எல்லையிலே பதற்றம் நிலவிய வேளையில், படைத்தளங்களில் ஏறும்போதும் இறங்கும்போதும் பயணியர் விமானத்தின் சன்னல் திரைகளை மூடிவைக்கும்படி விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஆணையிட்டது. எவ்வளவு உயரம்வரை, எந்தச் சன்னலுக்கு விலக்கு என்பதெல்லாம் அதிலே இருந்தது. அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: சன்னல் திரைக்கு இத்தனை தெளிவாக எழுத முடிகிறதே, வாயிற்கதவுக்கு எழுத முடியாதா?

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கோவாவும் புனேயும் சாட்சி. டாபோலிம் நிலையம் 1962 முதல் கடற்படையின் கையில் இருந்தது. வேலை நாட்களில் காலைப் பொழுதெல்லாம் படைப் பயிற்சிக்கே என்று நெடுங்காலம் ஒதுக்கியிருந்தார்கள். பயணியர் விமானங்கள் பிற்பகலிலும் இரவிலும் முண்டியடித்தன. கடைசியில் மோபாவிலே இன்னொரு நிலையம் கட்டி, 2023 ஜனவரி 5இல் பறக்கத் தொடங்கினார்கள். ஒரு கதவு அரைக்கதவாய் இருந்ததற்கு விலை, இன்னொரு ஊரின் நிலம்! புனேயிலோ, ஓடுபாதையைச் செப்பனிட விமானப்படை 2021 அக்டோபர் 16 முதல் 29 வரை பதினான்கு நாள் மூடியது. பெருநகரம் ஒன்று இரண்டு வாரம் இறக்கையற்றுக் கிடந்தது. செப்பனிட வேண்டியது கட்டாயம்தான். ஆனால் ஓர் ஊருக்கு ஒரே கதவு என்றால், பூட்டுகிற நாளிலே ஊரும் சேர்ந்து பூட்டப்படுகிறது.

கதவு மட்டுமன்று, கூரையும் அப்படித்தான். இந்திய வான்பரப்பிலே ஏறத்தாழ 60 விழுக்காடுதான் பயணியர் விமானங்களுக்குத் தடையின்றிக் கிடைக்கிறது என்று 2020 மே 16இல் ஒன்றிய நிதியமைச்சரே சொன்னார். கட்டுப்பாடுகளைத் தளர்த்தி நேர்வழியிலே பறக்கவிட்டால் ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்றும் அவரே சொன்னார். நான் சொன்னால் மேடைப் பேச்சு. அவர் சொன்னது அரசின் கணக்கு.

அமெரிக்காவிலே எப்படி? உலகிலேயே பெரிய விமானப்படை அங்கே. தன் தளங்களில் பொதுமக்களின் விமானம் இறங்குவது பற்றி அந்தப் படை விதிகளை எழுதி, அரசாங்கச் சட்டத் தொகுப்பிலேயே அச்சிட்டது. காப்பீட்டுச் சான்று ஒன்று, இறங்குவதற்கான அனுமதிப் படிவம் ஒன்று, நேரும் இழப்புக்குப் படையைப் பொறுப்பாக்க மாட்டேன் என்ற உறுதிமொழி ஒன்று என மூன்று தாள்கள் கேட்டது. உயிருக்கு ஆபத்தான நெருக்கடியிலே இறங்க முன்னனுமதி வேண்டாம் என்றது. விதி கடுமையானது, பக்கத்திலே பயணியர் நிலையம் இருந்தால் அங்கே போ என்று சொல்லக் கூடியது. ஆனால் கடுமை எதுவாயினும் அது எழுத்திலே இருக்கிறது, எவரும் படிக்கலாம். அமெரிக்காவின் எத்தனையோ செயல்களை நாம் கண்டித்திருக்கிறோம். பலகை மாட்டுகிற பழக்கத்தை மட்டும் கற்றுக்கொள்வதிலே குறைவில்லை.

*

இப்போது சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் வருகிறேன்.

சங்ககிரியிலிருந்து புறப்படும் லாரி நெடுஞ்சாலையிலே போகிறது. அதே சாலையிலே படையின் வண்டிவரிசையும் போகிறது. படைவண்டி வந்தால் லாரிக்காரர் ஒதுங்கி வழி விடுகிறார். போனதும் தன் வழியே செல்கிறார். யாரும் யாரையும் பகைக்கவில்லை. சாலை இருவருக்கும் பொது என்று இருவருக்கும் தெரியும். மண்ணிலே நடப்பது ஓடுபாதையிலே ஏன் நடக்கக் கூடாது?

"விமானம் பணக்காரன் ஊர்தி, கோழிப்பண்ணைத் தொழிலாளிக்கும் சேகோ ஆலைத் தொழிலாளிக்கும் அதனால் என்ன?" என்று கேட்பாருண்டு. ஒன்று சொல்கிறேன். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளைக் கொடையாகப் பெற்று வேறு உயிரைக் காக்கும் பணி நம் மாநிலத்திலே 2008 முதல் முறையாக நடக்கிறது. உடலிலிருந்து எடுத்த இதயம் சுமார் நான்கு மணி நேரத்துக்குள் இன்னொரு மார்பிலே துடிக்கத் தொடங்க வேண்டும். சேலத்திலிருந்து சென்னை சாலைவழியே ஏறத்தாழ 340 கிலோமீட்டர். நெடுஞ்சாலை விபத்திலே மாண்ட லாரி ஓட்டுநரின் இதயம், சென்னையிலே ஓர் ஏழைச் சிறுவனுக்குப் போக வேண்டும் என்று வை. பக்கத்து நிலையத்திலே மூடுபனி. அடுத்த நிலையம் படையுடையது. அப்போது யாருக்குத் தொலைபேசியில் பேசுவது? யாருடைய கையெழுத்துக்குக் காத்திருப்பது? இதயத்துக்குக் கோப்பு தெரியாது, தோழா, கடிகாரம்தான் தெரியும்!

இன்னொன்று. 2019 ஜனவரி 20இல் திருச்சியிலே தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் தொடங்கினார்கள். சென்னை, ஒசூர், கோவை, திருச்சி, சேலம் என்று ஐந்து முனைகள். ஐந்திலே ஒன்று நம் ஊர்! இரும்பாலைக்காகக் குரல் கொடுத்து, 1970இல் அடிக்கல் நாட்ட வைத்த மண் இது. தொழில் வருவதை வேண்டாமென்று சொல்லும் மூடர்கள் அல்லர் நாம். வரட்டும். ஆனால் தொழிலின் பின்னே நிலக் கோரிக்கை வரும். நிலத்தின் பின்னே வேலி வரும். வேலியின் பின்னே ஒருநாள் ஓடுபாதையும் வரலாம்.

அரசமைப்புச் சட்டத்தின் பட்டியலைப் பார். படை ஒன்றியத்துடையது, வான்வழியும் விமான நிலையமும் ஒன்றியத்துடையவை, நிலம் மட்டும் மாநிலத்தின் பட்டியலில். 2016இல் அறிவித்த 'உடான்' திட்டத்திலே, நிலத்தை இலவசமாகக் கொடு, காவலும் தீயணைப்பும் இலவசமாகக் கொடு, விமான நிறுவனத்துக்கு ஈடுகட்டும் தொகையிலே 20 விழுக்காடு கொடு என்று மாநிலங்களைக் கேட்டார்கள். கொடுத்தோம். கொடுக்கிற கை நம்முடையது. கதவின் சாவி மட்டும் டில்லியிலே! 2019 மார்ச் 8இல் டில்லிக்கருகே ஹிண்டன் படைத்தளத்தில் குடிமக்கள் வளாகம் திறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் விமானம் பறந்தது. தஞ்சையின் விமானப்படைத் தளமோ 2013 மே 27இல் திறந்தது. உடான் பட்டியலிலே தஞ்சையின் பெயரும் ஏறியது, ஆண்டுகள் உருண்டன, காவிரிக்கரை மக்கள் அண்ணாந்து பார்த்தபடி காத்திருந்தார்கள். டில்லியின் வாசலிலே மனம் வைத்தால் முடிந்தது, தஞ்சையின் வாசலிலே ஏன் அவ்வளவு நாள் இழுத்தது? இரண்டும் ஒரே நாட்டின் படைத்தளங்கள்தாமே!

*

ஆகவே நாம் கேட்பது நான்கு. நான்கையும் மனத்திலே பதித்துக்கொள்.

முதலாவது, விதிகளை எழுதி வெளியிட வேண்டும். தமிழிலும் வெளியிட வேண்டும். எந்தத் தளம், எந்த நேரம், என்ன கட்டணம், யார் முடிவு செய்வார், எத்தனை நாளிலே விடை என்பது அதில் இருக்க வேண்டும். இரகசியம் இரகசியமாகவே இருக்கட்டும். நேரம் மட்டும் வெளிச்சத்துக்கு வரட்டும்.

இரண்டாவது, வெள்ளம், புயல், உயிர்காக்கும் மருத்துவம் ஆகியவற்றுக்கு நிலையான உடன்பாடு வேண்டும். ஒவ்வொரு முறையும் டில்லியைத் தட்டி எழுப்புகிற நிலை கூடாது. மாவட்ட ஆட்சியர் கேட்டால் தளத்தின் தலைவர் திறக்கும்படி முன்பே எழுதிய ஏற்பாடும், ஆண்டுதோறும் ஒத்திகையும் வேண்டும்.

மூன்றாவது, பயிற்சிக்கோ பழுது பார்க்கவோ நீண்ட நாள் மூட நேர்ந்தால், மாதங்களுக்கு முன்பே அறிவிப்பும் மாற்றுத் தளமும் வேண்டும். புனேக்கு நேர்ந்தது நாளை எந்த ஊருக்கும் நேரக் கூடாது.

நான்காவது, மாநிலம் நிலம் கொடுக்கிற இடத்திலே மாநிலத்துக்கு நாற்காலி வேண்டும். பாதுகாப்புக்கென்று சேலத்திலோ நாமக்கல்லிலோ நிலம் கேட்டால், கொடுக்கும் பத்திரத்திலேயே, "இங்கே ஓடுபாதை அமைந்தால் குடிமக்களின் பங்கு இன்னது" என்ற வரி இருக்க வேண்டும். கொடுத்த பிறகு கேட்பது மன்றாட்டம். கொடுக்கும்போதே எழுதுவது ஒப்பந்தம்.

இந்த நான்கிலே எதுவாவது படையின் வாளை மழுங்கச் செய்கிறதா? இல்லை. வீரனின் வேலை எல்லையைக் காப்பது. பலகை எழுதும் வேலை அமைச்சருடையது. வீரனின் பின்னே அமைச்சர் ஒளிந்துகொள்ள நாம் விடக் கூடாது.

தோழா! இதற்கு ஊர்வலம் வேண்டியதில்லை, கொடிக்கம்பமும் வேண்டியதில்லை. உன் கிளைக் கூட்டத்திலே பத்து நிமிடம் எடுத்துச் சொல். ஒன்றியக் கூட்டத்திலே தீர்மானமாக்கு. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதிக்கு வரும்போது மாலையோடு இந்த நான்கையும் எழுதிய தாளையும் கொடு. காமலாபுரத்து உழவரிடம் போய் உட்கார்ந்து பேசு. அவர் சொல்வதையும் கேட்டு வா. படிப்பகத்திலே இந்தப் பக்கத்தை உரக்கப் படி. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். நான் சொல்லத் தவறியதை அவர் கேட்பார். அந்த ஓட்டுநர் கேட்டாரே, அதைப்போல.

"இத்தன வருசமா அந்தக் கதவு அங்கதான் இருந்துச்சுங்களா?" என்ற அவர் கேள்விக்கு அன்று லாரியிலே என்னால் விடை சொல்ல முடியவில்லை. இன்று சொல்கிறேன்: கதவு அங்கேதான் இருந்தது, ஐயா. பலகைதான் இல்லை. அதை மாட்டச் சொல்லித்தான் கேட்கிறோம்.